மெர்வியின் தோளும் ரௌனோவின் மேக்னமும்

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டில் முதல் பலகையைத் தூக்கும்போதே மெர்விக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வலது தோள். சட்டைக்குள்ளே அது அவுரிநெல்லி பறித்த வாளியின் அடியாட்டம் நீலம் பாரித்துக் கிடந்தது. விரல் வைத்தால் கழுத்துவரைக்கும் விண்ணென்று தெறித்தது. மர மில்லில் ஈரப் பலகை அடுக்குகிறவளுக்குத் தோள்தான் சோறு போடுகிறது. அந்தத் தோளைத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக ரௌனோவின் மேக்னம் என்ற பெருந்தோட்டாத் துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் உதைத்துக்கொண்டிருந்தது.

பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் பிர்யோ. ரௌனோவுக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷமானவள். காதடைப்பானை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கத்தினாள்.

"என்னடி, மறுபடியும் அவன் பீரங்கியா?"

"நேத்து பன்னெண்டு தோட்டா."

"எத்தனை உள்ள விழுந்துச்சு?"

"ரெண்டு."

"அவன் என்ன சொல்றான்?"

"தோளு பழகணுமாம்."

"முப்பது வருஷமா நானுந்தான் பழகுறேன்" என்று சொல்லிவிட்டு பிர்யோ காதடைப்பானை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

கோர்பியோயா ஊர் வேட்டைச் சங்கத்தில் மெர்வி சேர்ந்து நாலு வருஷம். நாலிலும் அவளுக்கு விரட்டுகிற வேலைதான். முழங்கால் ஆழச் சதுப்பில் கத்திக்கொண்டே நடந்து மூஸ் மானைக் கிளப்பிவிட வேண்டும். கிளம்பி வருவதைக் காட்டோரத்தில் ஆளுக்கொரு நிலையில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள் சுடுவார்கள். சுட்டதை இழுத்து வருவதற்கும், குடலை எடுப்பதற்கும், கொட்டகையில் வெட்டிக் கூறு போடுவதற்கும், கடைசியில் அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்கும் மெர்வி வேண்டும். கூறு பிரிக்கும்போது மட்டும் அவளுக்குப் பாதிக் கூறு. துப்பாக்கி இல்லாதவளுக்கு அதுவே அதிகம் என்பது சங்கத்தின் எண்ணம்.

இந்த வருஷம் வேட்டைக்காரர் பரீட்சை எழுதித் தேறி, துப்பாக்கி வாங்குவதற்குப் போலீஸ் கொடுத்த அனுமதிச் சீட்டைப் பையில் வைத்திருந்தாள். இனி ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்குள் சுடும் தேர்விலும் தேற வேண்டும். எழுபத்தைந்து மீட்டரில் நிற்கும் மூஸ் படத்தின் நெஞ்சில் ஒரு வட்டம். ஒன்றரை நிமிஷத்தில் நாலு தோட்டாவும் அதற்குள் விழ வேண்டும். தேறினால் சொந்தமாக ஒரு நிலை, முழுக் கூறு. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் சதுப்பு. அவளுக்கு நாற்பத்து மூன்று வயசு. சதுப்பு ஏற்கெனவே அவள் முழங்காலில் பாதியைத் தின்றிருந்தது.

மெர்வி துப்பாக்கி பார்க்கிறாள் என்று தெரிந்ததும் ஊரில் வாயுள்ளவனெல்லாம் நிபுணனாகிவிட்டான். சுவரில் ஆணி அடித்தால் கட்டைவிரலில் அடித்துக்கொள்கிறவன் குழலின் நீளத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். கடைசியாக எப்போது சுட்டோம் என்பதே நினைவில்லாத இன்னொருவன், நானூறு மீட்டருக்கு எந்த ஸ்கோப் நல்லது என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். கோர்பியோயாக் காட்டில் நானூறு மீட்டர் எங்கே தெரிகிறது? நாற்பது மீட்டருக்கு அப்பால் மரந்தான் தெரியும். காயானி ஊர்த் துப்பாக்கிக் கடையிலிருந்த பையனோ அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இளஞ்சிவப்புக் கட்டை போட்ட ஒன்றை எடுத்து வந்தான். "லேடீஸுக்குன்னே வந்திருக்கு." மெர்வி தன் கையை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். இருபது வருஷக் காய்ப்பு. பையன் துப்பாக்கியைத் திரும்ப வைத்துவிட்டான்.

இத்தனை பேருக்கும் மேலே ரௌனோ. சங்கத்தின் வேட்டைத் தலைவன். யாருக்கு எந்த நிலை என்று சீட்டு எழுதுகிற கை அவனுடையது. அதனால்தான் மெர்வி அவன் பேச்சைக் கேட்டாள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

"மூஸ்னா மேக்னந்தான். மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பான் ரௌனோ. "என்னோடதையே எடுத்துக்கோ. பன்னெண்டு வருஷமா கையில இருக்கு. எனக்கு இதவிடப் பெருசு ஒண்ணு வருது."

அதைவிடப் பெரியது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோர்பியோயாவில் யானை கிடையாது.

நாலாவது ஞாயிறும் சுடுகளத்துக்குப் போனார்கள். துப்பாக்கிக்காரன் பக்கத்தில் நின்றால் அவனுடையதை அவள் சுடலாம். களத்தைப் பார்த்துக்கொள்வதும் தேர்வு வைப்பதும் தைஸ்தோ. ரயில் பாதை போடுகிற வேலையில் நாற்பது வருஷம் இருந்தவன், வாயைத் திறக்கக் கூலி கேட்கிற ஆள். மெர்வி இரண்டு சுட்டாள். ஒன்று மூஸ் படத்தின் முன்னங்காலுக்குக் கீழே மண்ணில் விழுந்தது. இன்னொன்று எங்கே போனதென்று மூஸுக்கும் தெரியாது.

தைஸ்தோ எழுந்து வந்தான். துப்பாக்கியை வாங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டான். திருப்பிக் கொடுத்தான்.

"சுடு."

ஒன்று வெடித்தது. அடுத்ததற்கு விசையை இழுத்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் கோழி கொத்துவது மாதிரி விருட்டென்று தரையைப் பார்த்தது. அவள் கண் இறுக மூடியிருந்தது. பல் கடிபட்டிருந்தது. தைஸ்தோ உள்ளே கலந்து வைத்தது ஒரு பொய்த் தோட்டா. மருந்தில்லாத வெறும் பித்தளை.

மெர்வி துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"உதைக்கிறதுக்கு முன்னாடியே பயந்துடறேன்" என்றாள்.

"ம்" என்றான் தைஸ்தோ.

பக்கத்திலேயே காப்பிக் குடிசை வாசலில் நின்றிருந்த ரௌனோ தொப்பை குலுங்கச் சிரித்தான். சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தொத்திறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பிர்யோ.

"பார்த்தீங்களாய்யா! கண்ண மூடிக்கிட்டுச் சுடறா! துப்பாக்கில ஒரு குறையுமில்ல. தோளுலதான் குறை."

"எனக்கு இது வேணாம் ரௌனோ. கடைல ஆறரை மில்லிமீட்டர் தோட்டா போடற துப்பாக்கி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்."

"ஆறரையா? முயல் சுடவா? மூஸ் மேல பட்டா கொசு கடிச்சுதுன்னு சொறிஞ்சிட்டுப் போயிரும்டி."

"மொதல்ல படணுமில்ல."

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த தொத்திறைச்சியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு வந்தான்.

"தைஸ்தோ, அந்தப் பொய்த் தோட்டாவ எனக்கும் கலந்து வை. நாலு நெசத் தோட்டாவும் வட்டத்துக்குள்ள போட்டுக் காட்டுறேன். போடலேன்னா என் ஏழாம் நிலைய இவ எடுத்துக்கட்டும். இந்த சீசன் பூராவும்."

ஏழாம் நிலை சதுப்பும் பைன் மேடும் சேருகிற இடத்தில் இருக்கிறது. கோர்பியோயாவில் கிளம்புகிற மூஸில் பாதி அந்த வழியாகத்தான் போகும். இருபத்திரண்டு வருஷமாக அதில் ரௌனோவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது.

"கை குடு" என்றாள் மெர்வி.

கொடுத்தான். இருவர் பிடித்த கையை மூன்றாவது ஆள் வெட்டிவிட்டால் வாக்கு வாக்குத்தான், பின்வாங்க முடியாது. தைஸ்தோ தன் தார் படிந்த உள்ளங்கையால் நடுவில் வெட்டிவிட்டு, மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா போட்டான்.

ரௌனோ காலை அகட்டி நின்றான். முதல் வெடி. இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு 'டிக்'.

அப்போது நடந்ததை அந்த ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள். குழல் ஒரு முழம் கீழே போனது. தோள் முன்னால் பாய்ந்தது. தாடி மறைக்காத கன்னமெல்லாம் சுருங்கி, இரண்டு கண்ணும் சாவிபோட்டுப் பூட்டியது மாதிரி மூடியிருந்தன. பன்னிரண்டு வருஷம் கையில் வைத்திருந்த துப்பாக்கிக்கு ஐம்பத்தெட்டு வயசு வேட்டைத் தலைவன் அப்படிப் பயந்தான். மெர்வி பயந்ததைவிட ஒரு சுற்று அதிகமாகவே பயந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் மாத்திரம் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

"வீட்லயும் இப்படித்தான்" என்றாள் பிர்யோ, தொத்திறைச்சியைப் புரட்டிப் போட்டபடி. "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ண மூடிருவாரு."

இப்போது சிரித்தார்கள்.

ரௌனோ மீதி இரண்டையும் வெறியோடு சுட்டான். தைஸ்தோ நடந்து போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு நடந்து வந்தான். நாலில் ஒன்று உள்ளே. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய தேர்வுச் சீட்டை ரௌனோ எப்படித் தேறி வாங்குகிறான் என்பது தைஸ்தோவுக்குத் தெரியும்: விடிந்ததும் விடியாததுமாக, ஆளில்லாத நேரத்தில் வந்து, பத்துத் தரம் சுட்டு, அதிர்ஷ்டம் அடித்த ஒரு தரத்தை எழுதி வாங்கிக்கொண்டு போவான். சட்டத்துக்கு அது போதும். மூஸுக்கு அது நல்ல செய்தி.

மறுநாள் மில் விட்டதும் மெர்வி காயானிக்கு பஸ் ஏறினாள். யாரையும் கூட்டிப் போகவில்லை. கடையின் பின் வரிசையில் இருந்த ஆறரையை எடுத்துத் தரச் சொன்னாள். முப்பது வருஷப் பழசு. கட்டையில் டிராக்டர் கதவில் உரசிய தழும்பு. கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தாள், கன்னத்தைச் சாய்த்தாள், பிறகு கண்ணைத் திறந்தாள். கழுத்தை நீட்டாமலும் குறுக்காமலும் ஸ்கோப்பின் நடுவில் சுவர்க் கடிகாரத்தின் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. விசை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. அவளுக்கு ஒரே ஒரு கணக்குதான்: ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டித் தோட்டா முழுசும் சுட்டுவிட்டு, திங்கட்கிழமை பலகை அடுக்க முடிய வேண்டும். ஊரிலிருந்த நிபுணர்களில் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. அவர்களில் யாருக்கும் திங்கட்கிழமை பலகை இல்லை.

"இது மூஸுக்குப் பத்துமாங்க?" என்றான் கடைப் பையன்.

"சட்டம் பத்தும்ங்குது. மூஸு எதுவும் இதுவரைக்கும் வந்து புகார் சொல்லல."

ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று, வெறுந் துப்பாக்கியின் விசையை ஐம்பது தரம் இழுத்தாள். குழல் அசையாமலிருக்கிறதா என்று பார்க்க அதன் நுனியில் ஒரு பித்தான் வைத்துக்கொண்டாள். முதல் வாரம் பித்தான் விழுந்து விழுந்து அடுப்புக்கடியில் ஓடியது. பிறகு விழுவதை நிறுத்திவிட்டது. காகித இலக்கில் ஐந்து துளையும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழத் தொடங்கியபோது, வேட்டையை விடவும் இதுதான் பிடித்திருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. தோளில் நீலம் மஞ்சளாகி, மஞ்சளும் போய்விட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு தேர்வு. நாலு தோட்டா, ஒரு நிமிஷம் பத்து நொடி, நாலும் உள்ளே. தைஸ்தோ சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினான். "ம்" என்றான். அவனிடம் அது ஒரு பேருரை. ரௌனோ அன்று வரவில்லை, முதுகு வலியாம்.

அக்டோபரில் சங்கத்தின் முதல் வேட்டை நாள். கொட்டகை முன்னால் ஆரஞ்சு மேலங்கி போட்டு எல்லாரும் நின்றார்கள். நாய்கள் வண்டிக்குள்ளிருந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ரௌனோ பழைய மேக்னத்தை அண்டை ஊர்க்காரன் ஒருவன் தலையில் கட்டிவிட்டு, புதிய பெரிய துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தான். நிலைச் சீட்டைப் படித்தான்.

"ஏழு, நான். ... பதினாலு, மெர்வி."

பதினாலு என்பது சரளைக்கல் குழி. அந்தப் பக்கம் லாரி வரும், மூஸ் வராது.

"ஏழு எனக்கில்ல?" என்றாள் மெர்வி.

"அட, அது அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னது. வேட்டைன்னா பொறுப்பு இருக்கில்ல. புது ஆளக் கொண்டுபோய் ஏழுல வைக்க முடியுமா?"

"கை குடுத்த. தைஸ்தோ வெட்டினான்."

"ஆமா, வெட்டினேன்" என்றான் தைஸ்தோ.

மற்ற ஆண்கள் தங்கள் ரப்பர் பூட்ஸை ஆராய்ந்தார்கள். அன்று காப்பிக் குடிசையில் சிரித்த அதே ஆட்கள். அடுத்த வருஷ நிலைச் சீட்டையும் ரௌனோதான் எழுதுவான் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. காட்டில் முந்நூறு கிலோ மிருகத்துக்கு எதிரில் நிற்கிற வீரர்கள், தொப்பை வைத்த ஒருத்தன் எதிரில் வாயைத் திறக்கவில்லை.

மெர்வி சரளைக்கல் குழிக்குப் போய் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதரை மணிக்கு வாக்கிடாக்கியில் நாய்க்காரனின் குரல். "பெரிய கொம்பன் மூஸ். சதுப்பத் தாண்டி ஏழப் பாத்துப் போகுது. மெதுவா நடந்துதான் போகுது."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காடே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

இடி மாதிரி ஒரு வெடி. இடைவெளி. இரண்டாவது. அவசரமாக மூன்றாவது.

பிறகு வாக்கிடாக்கி கரகரத்தது.

"கிளை தடுத்துருச்சு" என்றது ரௌனோவின் குரல். "நடுவுல ஒரு கிளை."

"மூணு தடவையுமா?" என்று எவனோ கேட்டான். யாரென்று தெரியவில்லை, எல்லாருடைய குரலாகவும் இருந்தது.

மான் மேல் ஒரு கீறல்கூட இல்லை என்று நாய்க்காரன் உறுதிசெய்தான். ஏழாம் நிலையைக் கடந்து, எல்லை ஓடையைத் தாண்டி, பக்கத்துச் சங்கத்தின் காட்டுக்குள் போய்விட்டதாம். சற்று நேரத்தில் அங்கேயிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. சாதாரணமான, சின்ன வெடி. மான் விழுந்துவிட்டது போல, அதற்கப்புறம் அந்தச் சங்கத்து நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. அன்று கோர்பியோயாக் கொட்டகையில் கூறு போட எதுவும் வரவில்லை. மெர்விக்குக் கிடைக்க வேண்டிய முதல் முழுக் கூறு பக்கத்து ஊர் அண்டாவில் கொதித்தது.

மெர்வி வாக்கிடாக்கியை எடுத்தாள். பொத்தானை அமுக்கினாள். பத்தொன்பது நிலையிலும் கேட்கும்.

"ரௌனோ, ஏழாம் நிலை எனக்கு நீ தர வேண்டிய பாக்கி."

சீசன் முடிய இன்னும் பதினோரு வாரம் இருந்தது. பதினோரு வாரமும் சீட்டில் ஏழு என்ற எண்ணுக்கு நேரே அவன் பெயரே இருந்தது. ரௌனோ கெம்ப்பைனென், மெர்வி மொய்லனெனுக்கு, கை கொடுத்த கணக்கில், ஒரு சீசன் ஏழாம் நிலை பாக்கி.