தாராசுரத்துக்குப் போன சீர்

இப்போதெல்லாம் யார் யாரைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள்? அவனவன் இஷ்டம்தான். மகளுக்குப் பொங்கல் சீர் தூக்கிக்கொண்டு போகிற தகப்பனைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. போனைத் தட்டிப் பணத்தை அனுப்பிவிட்டு, கரும்பு வாங்கிக்கோ, மஞ்சள் வாங்கிக்கோ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு கிழவன் அரிசி மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் காலை நகர்த்த ஆளில்லை. எல்லார் காதிலும் ஒயர். அதிலும் இந்தப் பையன்கள். தோள் வரைக்கும் முடி, காதில் தோடு. கும்பகோணத்தில் ஏறிய ஒருவனுக்கு டவுன் பஸ் கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். “அண்ணே, நான் ஆம்பளைண்ணே” என்று அவன் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. துரைராசு சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அவர் தாராசுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சின்னதைப் பார்க்க.

பெரியது மாலதி, பட்டுக்கோட்டையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். சின்னதுக்கு அவர் வைத்த பேர் சதீஷ். இப்போது அதன் பேர் குந்தவை. இராசராசனுடைய அக்காள் பேர்தான் கிடைத்ததா, ஒரு செல்வி, ஒரு ராணி என்று வைத்துக்கொண்டால் ஆகாதா என்று ஒருமுறை மாலதியிடம் எரிந்து விழுந்தார். அது பேரின் மேல் உள்ள கோபம் இல்லை என்று மாலதிக்குத் தெரியும். முடி வளர்த்து, புடவை கட்டிக்கொண்டு குந்தவை வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, இந்தக் கோலத்தில் உள்ளே வராதே என்று அவர் சொன்னார். அவள் வரவில்லை. அம்மா செத்தபோது வந்தாள். சுடுகாட்டுப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வருஷா வருஷம் மாலதிக்குச் சீர் கொண்டுபோகிறவர் அவர். இந்த வருஷம் போன் செய்து புறப்படுகிறேன் என்றபோது அவள் வேண்டாம் என்றுவிட்டாள். முதலில் தங்கச்சிக்குக் கொண்டுபோங்க, அப்புறம் எனக்குக் கொண்டாங்க என்றாள்.

“கட்டிக்குடுத்த பொண்ணுக்குத்தானடி சீர்?”

“வீட்ட விட்டு அனுப்புன பொண்ணுக்குத்தாம்ப்பா சீர். அவளையும் நீங்கதானே அனுப்புனீங்க.”

போனை வைத்துவிட்டு வயலுக்குப் போனார். சம்பா முற்றித் தண்ணீரை வடித்தாயிற்று. கதிர் தலை சாய்த்து நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரப்பில் நின்று அதைப் பார்க்க அவர் ஒருத்தர்தான். அறுப்பு மிஷின்காரனிடம் மல்லுக்கட்டுவது, சாக்குப் பிடிப்பது, மூட்டைக்குக் காவல் கிடப்பது எல்லாம் அவர் ஒருத்தரே. வீட்டுக்கு வந்து, இன்றைக்குக் காற்று ஜாஸ்தி, கதிர் சாய்ந்துவிடும் போலிருக்கிறது என்று சொன்னால் ம் கொட்ட ஆள் கிடையாது. சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சீர் என்று பேர் பண்ணிக்கொண்டு போவோம். போய்ச் சின்னதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். முடியை முண்டாசுக்குள் முடிந்துகொள்ளட்டும். பொங்கல் முடிகிற வரைக்கும் ஒரு வேட்டி சட்டை. ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஆகவே அவர் கொண்டுபோன பையில் வீட்டுப் பச்சரிசியும் வெல்லமும் உளுந்தும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மடிப்புக் கலையாத வேட்டி, வெள்ளைச் சட்டை. கரும்பு இல்லை. மஞ்சள் கொத்து இல்லை. புடவை இல்லை.

தாராசுரத்தில் கோயிலைத் தாண்டி, தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெரு. தங்கம்மாள் என்கிற அம்மாள் வீட்டுப் பின்கட்டில் குந்தவை வாடகைக்கு இருந்தாள். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பகுதியில் அவளுக்கு வேலை. அன்று விடுமுறை.

கதவைத் திறந்தவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். சாயம் மங்கிய நூல் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் சோப்பு நுரை. எந்த வீட்டிலும் காலையில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணைப் போலத்தான் இருந்தாள். அதுதான் துரைராசுவைத் தடுமாற வைத்தது. மினுக்கும் பவுடருமாக எதையோ பார்க்கப்போகிறோம் என்று பயந்துகொண்டு வந்திருந்தார். திட்ட வசதியாக இருக்கும் என்றும் நினைத்திருந்தார். இது திட்டுவதற்கு வாகாக இல்லை.

“வாங்கப்பா” என்றாள். குரல் பழைய குரல்தான்.

தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். அறுப்பு எப்போது, கொல்லை முருங்கை முறிந்துவிட்டதாமே, செவலை சினையாமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் மாலதி சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறாள். இன்றைக்குக் காற்று ஜாஸ்தி என்று அவர் சொன்னார். ஆமாப்பா, கதிர் சாயாம இருக்கணும் என்றாள் அவள். துரைராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளுடைய தோளைப் பார்த்தார். அவர் வம்சத்துத் தோள். அதன் மேல் ரவிக்கை போட்டுவிட்டால் வேறு தோளாகிவிடுமா என்று நினைத்தார்.

பிறகு வேட்டி சட்டையை எடுத்து வெளியே வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். வீட்டில் பானை ஏற்ற ஆளில்லை, மாடு குளிப்பாட்ட ஆளில்லை, ஊர் வாய்க்குப் பயந்துதான் சொல்கிறேன், பொங்கல் மட்டும் சட்டையைப் போட்டுக்கொள், அப்புறம் உன் பாடு என்றார். அவ்வளவு நீளமாகப் பேசி வெகு காலமானதால் மூச்சு வாங்கியது.

குந்தவை வேட்டியைத் தொடவில்லை.

“அங்க வரணும்னு எனக்கு இல்லாமயாப்பா இருக்கு? கடைக்கு வர்ற பொம்பளைங்கள எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். யாராவது ஒருத்தி நம்ம ஊருன்னு சொல்லிற மாட்டாளான்னு.”

“அப்ப வா.”

“வர்றேன். இப்படியே வர்றேன். நீங்க வாசல்ல நின்னு, வா புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

துரைராசு வேட்டியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“சட்டையப் போட்டுக்கிட்டு வந்தா, துரைராசு மவன் வந்துட்டான்னு ஊரே சந்தோசப்படும். நான் மட்டும் வந்துருக்க மாட்டேம்ப்பா.”

ஒரு துணியில் என்ன இருக்கிறது என்று கேட்க அவர் நாக்கு துருதுருத்தது. துணியில் ஒன்றும் இல்லை என்றால், கட்டியிருக்கிற துணியோடே வா என்று சொல்ல வேண்டியதுதானே என்று உள்ளே ஏதோ பதில் பேசியது. அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கம்மாள் வந்து நின்றாள். கையில் முறம். குந்தவை சட்டென்று நகர்ந்து உட்கார, வேட்டி சட்டை அவள் புடவைக்கு அடியில் போய்விட்டது.

“அப்பாவா? வாங்க வாங்க. முட்டி வலி தேவலையாங்க? பஸ்ஸு ஏற முடியலன்னுதானே வருஷா வருஷம் ஆள் மூலமா குடுத்து விடுவீங்க?”

துரைராசுவுக்கு முட்டி வலி கிடையாது. இன்றைக்கும் சேற்றில் இறங்கி வரப்பு வெட்டுகிறவர். அவர் குந்தவையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

தங்கம்மாள் நிறுத்தவில்லை. போன வருஷம் அவர் அனுப்பிய கரும்பு அப்படி ஒரு இனிப்பு என்றாள். அப்பா எடுத்தது என்று மாம்பழ நிறப் புடவையைக் குந்தவை தெருவுக்கே காட்டியதைச் சொன்னாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாதுங்க. இதுக்கு வீடு குடுக்காதன்னு தெருவே சொல்லுச்சு. பொறந்த வீட்டுலேருந்து சீர் வருது, கேக்க ஆளு இருக்கு, தெருவுல விட்ட புள்ள இல்லன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன். எம் மவனுக்கு இன்னும் அரை மனசுதான். இப்ப நீங்களே வந்துட்டீங்க, இனிமே எவன் பேசுவான்? எங்க, மஞ்சக்கொத்தக் காணும்?”

துரைராசுவுக்கு விஷயம் மெல்லத்தான் இறங்கியது. யாரும் பார்க்காமல் கும்பகோணத்தில் கரும்பு வாங்கி, தனக்குத்தானே புடவை எடுத்து, அப்பா கொடுத்தனுப்பினார் என்று எல்லாரும் பார்க்க இந்தத் தெருவில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பொய் என்றால் அவருக்கு ஆகாது. நெல் வியாபாரி தராசில் விரலை வைத்தான் என்று சட்டையைப் பிடித்தவர். இது அவர் முட்டியை வைத்தே சொன்ன பொய். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடைந்துவிடும். உடைந்தால் இந்த வீடு போகும். வீடு போனால் வேறு வழியில்லாமல் ஊருக்குத்தானே வர வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்வதற்கில்லை.

துண்டு அவிழ்ந்து ஈர முடி குந்தவையின் தோளில் விழுந்தது. அதை அள்ளி முடியக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பஸ்ஸுல கசங்கிப் போயிரும்னு மஞ்சக்கொத்து எடுத்தாரல” என்றார் துரைராசு. “இங்க கடத்தெரு எந்தப் பக்கம்?”

“உங்க காலோட எதுக்குங்க அலையறீங்க?”

“அது கெடக்கு.”

தங்கம்மாள் பார்வை மறைகிற தெருமுனை வரைக்கும் இடது காலைக் கொஞ்சம் இழுத்தே நடந்தார். அப்புறம் தன்னையே வைதுகொண்டு நேராக நடந்தார்.

கரும்பு வாங்கினார். கிழங்கில் மண் ஈரம் காயாத மஞ்சள் கொத்தாகப் பொறுக்கினார். ஒரு துணிக்கடை வாசலிலும் நின்றார். என்ன கலர் என்று கடைக்காரர் கேட்டார். மாலதிக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அரக்கு என்பார். இவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. எரிச்சலாக இருந்தது. எதுவும் எடுக்காமல் திரும்பினார்.

தங்கம்மாள் தாம்பாளம் கொண்டுவந்து வைத்திருந்தாள். எதிர்வீட்டிலிருந்தும் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் எல்லாவற்றையும் குந்தவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புடவை எங்கே என்று தங்கம்மாள் கேட்டாள்.

“அவ வேல பாக்குற கடையில அவளே எடுத்துக்கட்டும். எனக்குப் பொடவை பாக்கத் தெரியாது.”

குந்தவை காலில் விழுந்தாள். அவர் கை அந்த ஈர முடிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது, தொடவில்லை. நல்லாரு என்றார்.

சாப்பிட்டுப் போங்கள் என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். வெளியே யாரும் இல்லாத இடமாகப் பார்த்து அவள் வேட்டி சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பொங்கலுக்கு நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கு நன்றாக இருக்கும் என்றாள்.

“சட்டை என்ன முள்ளா?” என்றார் அவர்.

“முள்ளுதாம்ப்பா.”

உள்ளே போ என்றார். அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள். துரைராசு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் வருகிறதா என்று கொஞ்ச தூரம் காதைக் கொடுத்துக்கொண்டே போனார். தறிச்சத்தம்தான் கேட்டது. ஒரு சட்டைக்காக ஒரு பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வராது என்றால் அது எந்த ஊர் நியாயமோ, அவருக்கு விளங்கவில்லை. யார் வந்து உட்கார்ந்து சொன்னாலும் விளங்கப்போவதில்லை. இதெல்லாம் எங்கே போய் நிற்குமோ என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், நடையை எட்டிப் போட்டார்.