சிவப்புக் கண்ணி

“உங்கப்பா இந்த வண்டிய வேற யாருகிட்டயாச்சும் குடுத்துப் பிரிச்சுப் பாத்தாரா, வனஜா?”

உத்தமன் புழக்கடை வாசலில் நின்று கேட்டபோது வனஜா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ் அப்பிய கைகளைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் நிமிரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“இன்ஜின் மூடி பேக்கிங் புதுசா கீது. அதான் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசலில் நின்ற காரிடம் போய்விட்டான்.

அவள் தலையாட்டியது பொய்.

உத்தமன் அவளுடைய அம்மா பார்வதத்தின் தம்பி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் சின்னதாக ஷெட் போட்டுக் கார் வேலை பார்ப்பவன். வனஜாவை அவனுக்குத்தான் கொடுப்பது என்று அம்மா என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள். அப்பா கஜபதிதான் பிடி கொடுக்காமல் “பாக்கலாம், பாக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஆவடி ஃபேக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. வருகிற சாமான்களை அளந்து பார்த்து, சரியாக இருப்பதில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்து அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் அதையே செய்து செய்து, தான் பொட்டு வைக்காத எதையும் நம்ப முடியாத மனுஷனாக ஆகிவிட்டார். சந்தையில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவர் ஒவ்வொரு காயாக ஒடிப்பார்.

அண்ணனூரில் பங்குக்கு வந்த நிலம் மனைகளாகப் போனபோது அவர் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். காலையில் அதைக் கிளப்பினால் முன்பக்கம் டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சூடேறியதும் அடங்கிவிடும். பொங்கலுக்கு வந்த உத்தமன் அதைக் கேட்டுவிட்டு, டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, அறுவதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்றான். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். அறுந்தால் நடுரோட்டில் நிற்கும், வால்வு வளைந்தால் இன்ஜினையே இறக்க வேண்டி வரும் என்று அவன் விளக்கினான். அன்றைக்கே அம்மா கல்யாணப் பேச்சையும் எடுத்துத் தொலைத்தாள். இரண்டும் ஒரே நாளில் வந்ததுதான் அப்பாவை உறுத்தியது.

“மாப்பிள்ளையாவறதுக்குள்ளயே என் வண்டி மேல கை வெக்கிறான் பாத்தியா? உத்தமன்னு பேரு வெச்சுட்டா ஆச்சா?” என்றார், அவன் போன பிறகு.

அந்தச் செயின் மூடிக்கு உள்ளே இருப்பது. புதியதைப் பையில் போட்டுக்கொண்டு, பழையதையே திரும்ப மாட்டி மூடிவிட்டு, குப்பையில் கிடந்த ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து ‘இதுதான் உங்க பழைய செயின்’ என்று காட்டினால் யாருக்குத் தெரியும்? இந்த யோசனை வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் ஓடும், மாற்றினாலும் நல்லதுதான் என்று அந்த ஆள் இரண்டு பக்கமும் பேசினான். அப்பா போனது அதைக் கேட்கவும் இல்லை. செயினில் ஒரு கண்ணியை மட்டும் துடைக்கச் சொல்லி, அதில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டு மூடச் சொன்னார். பொட்டு வைத்தது வனஜாவின் நகப் பாலிஷ். அதற்குப் பிறகுதான் புதிய செயினுக்குக் காசு கொடுத்து, உத்தமனையே வந்து மாற்றச் சொன்னார்.

பாட்டிலை எடுக்கும்போது அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். “நீதான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டியே. அதான் உன்கிட்ட சொல்றேன்.”

அது உண்மைதான். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஆனால் உத்தமன் மாமாவிடம் சொல்லாமல் இருந்ததற்குக் கூச்சம் காரணமில்லை. அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஒருமுறை அம்மாவோடு ஷெட்டுக்குப் போனபோது, வந்திருந்த ஆளிடம் “புதுசுதான் சார் போட்டுக்கீறேன்” என்று சொல்லிவிட்டு அவன் இவள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். அது தனக்காக அடித்த கண்ணா, அந்தப் பேச்சு பொய் என்பதற்காக அடித்த கண்ணா என்று அன்றிலிருந்து அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள்தானே.

மத்தியானம் அவன் மறுபடி வந்து கொஞ்சம் கிருஷ்ணாயில் கேட்டான். பழைய செயினைக் கழுவித்தான் தர வேண்டுமாம், அழுக்கோடு கொடுத்தால் அப்பா அதற்கும் ஒன்று சொல்வாராம். ரேஷனில் வாங்கியது ஸ்டவ்வுக்கே காணாது. பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் ஒரு பாட்டிலில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள். அவன் புதிய செயினையும் பழையதையும் ஒவ்வொன்றாகப் படுக்கை வாட்டத்தில் நீட்டிப் பிடித்துக் காட்டினான். புதியது ஸ்கேல் மாதிரி நேராக நின்றது. பழையது வில்லாக வளைந்து தொங்கியது.

“பாத்தியா, உசிரே இல்ல,” என்றான்.

அவள் வளைவைப் பார்க்கவில்லை, சிவப்பைத் தேடினாள். எண்ணெய்க் கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் பழைய செயினைக் கேட்டார். பேப்பரில் சுற்றியிருந்ததை உத்தமன் இரண்டு கையாலும் கொடுத்தான். பளபளவென்று இருந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, ஜபமாலை உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளினார். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் பார்த்தார்.

“இது என் வண்டிது இல்ல.”

“இன்னா மாமா சொல்றே? இப்பதான கய்ட்டினேன்.”

“எவன் வண்டிதோ கொண்டாந்து காட்டிகினு கீறே. புதுசு எங்க போச்சு மச்சான், உன் பையிலயா?”

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். உத்தமனின் முகம் கறுத்தது. பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினான். ஸ்பேனர்கள் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டன. அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. பொண்ணு கேட்டு இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று சொல்ல வாயெடுத்துவிட்டார்.

கதவோரம் நின்ற வனஜாவுக்கு அப்போதுதான் செயினிலிருந்து தின்னர் வாடை வந்தது. ஜன்னலுக்கு அடித்தபோது விரலில் பட்ட பெயின்ட்டை அதே தின்னர் தொட்டுத் துடைத்தபோது, நகத்தில் இருந்த பாலிஷும் கூடவே போய்விட்டது. பேசாமல் இருந்தால் மாமா திருடன். பேசினால், காலையில் தலையாட்டியது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

வெளியே வந்து அப்பாவின் கையிலிருந்து செயினை வாங்கினாள். வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, கண்ணிகளின் இடுக்கில் ஒவ்வொன்றாக நுழைத்துச் சுரண்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடுக்கிலிருந்து கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பாக ஒரு செதில் ஊக்கு முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“என் பாலிஷ்தான்ப்பா. தின்னர் நான்தான் குடுத்தேன். மேல இருந்தது கரைஞ்சிடுச்சு.”

அப்பா ஊக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். முகம் மெல்லத் தெளிந்தது. “அப்ப சரி. மச்சான் பாஸாயிட்டே,” என்று சொல்லி உத்தமனின் தோளில் தட்டினார். பிறகு அம்பத்தூருக்குப் போனதையும் பொட்டு வைத்ததையும், ஏதோ வெற்றிக் கதை போல விலாவாரியாகச் சொன்னார். வீட்டில் வனஜாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளையும் மெச்சிக்கொண்டார். அம்மாவோ தை முடிவதற்குள் தட்டு மாற்றிவிடலாம் என்று நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

உத்தமன் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. வனஜாவின் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிதறிக் கிடந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டான். காரில் உட்கார்ந்து ஒருமுறை கிளப்பினான். முன்பக்கத்துச் சத்தம் இல்லை. அணைத்துவிட்டுச் சாவியை பானெட்டின் மேல் வைத்தான். இலை போட்டாயிற்று, கை கழுவிக்கொண்டு வா தம்பி என்று அம்மா கூப்பிட்டாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே போய், திரும்பிக் கொக்கியைப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தான்.