சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

பஸ் புறப்படப் போகிற நேரம் பார்த்துத்தான் அந்தத் தொலைபேசி அடித்துத் தொலைத்தது. எண்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதம். விபோர்க்குக்குப் பக்கத்து அகதி முகாமின் வாசலில் எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றார்கள். டென்மார்க்குக்கு வந்த பிறகு ஊர் பார்க்கவென்று போகும் முதல் நாள் அது. தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றவர் நவரத்தினம். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

முகாமில் இருக்கும் தேவராசாவின் மச்சான் லண்டனிலிருந்து பேசினார். தேவராசாவின் தம்பி போய்விட்டான். யாழ்ப்பாணத்தில் சந்தையடியில் ஷெல் விழுந்ததாம்.

"நீங்கள் வயசுக்கு மூத்த ஆள் அண்ணை. பக்குவமாச் சொல்லுங்கோ. சாப்பிட வைச்சுப் போட்டுச் சொல்லுங்கோ."

அதை நவரத்தினத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவுச் சேதி கேட்டவனுக்குச் சோறு இறங்காது. அதனால் எங்கள் ஆட்கள் முதலில் சாப்பாட்டைக் கொடுப்பார்கள், பிறகுதான் வாயைத் திறப்பார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும் என்று தேவராசா அன்று காலை தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அப்படியென்றால் மத்தியானம் வரைக்கும் பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பொடியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆனாலும் நவரத்தினம் பஸ்ஸில் ஏறினார்.

சோற்றுப் பொதிகளைக் கட்டியவள் விமலராணி. தேவராசாவின் பொதியைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்ல வேண்டியிருந்ததால் அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவளும் ஒருவருக்கும் மூச்சுவிட மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எங்கள் ஆட்களின் சத்தியத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பஸ் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் கடைசி இருக்கை வரை சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. தேவராசா மட்டும் யன்னலோரம் இருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

போன இடம் ஒரு பழைய சுண்ணாம்புச் சுரங்கம். அந்தக் காலத்தில் மனிதர்கள் கையால் தோண்டியதாம். இப்போது வேலை நின்று, வேடிக்கை பார்க்க ஆட்களை உள்ளே விடுகிறார்கள். முகாமில் வேலை செய்யும் கிர்ஸ்டன் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

"வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்பைப் பாக்கவோ அண்ணை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டுத் தேவராசா சிரித்தான்.

வந்த நாள் முதல் அவன் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. எப்போதும் தம்பியின் யோசனைதான். தம்பியை இங்கே எப்படி எடுப்பது, யாரைப் பிடித்து எடுப்பது, அதைவிட்டால் அவனுக்கு வேறு கதை கிடையாது. முகாம் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்து போவான். சிரிப்பதற்கு இந்த நாளையா பிடிக்க வேண்டும்? நவரத்தினத்துக்குக் கோபமே வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உள்ளே குளிர் எலும்பைப் பிடித்தது. நடு வழியில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, முந்திய காலத்து இருட்டைக் காட்டுகிறேன் என்று விளக்கை அணைத்தான். கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான்.

"அண்ணை, எவ்வளவு ஆழம் பாருங்கோ. இதுக்குள்ளை ஷெல்லும் வராது, குண்டு போடுற பொம்பரும் வராது." இருட்டில் தேவராசாவின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "தம்பி வந்தவுடனை இஞ்சைதான் கூட்டிக்கொண்டு வருவன். அவன் சரியான பயந்தாங்கொள்ளி. என்ரை கையை விடமாட்டான்."

நவரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுவதற்கு அன்று கிடைத்த ஒரே இடம் அதுதான். விளக்கு எரிந்தபோது தேவராசா அவர் முகத்தைப் பார்த்தான்.

"என்னண்ணை கண் சிவந்து கிடக்கு?"

"சுண்ணாம்பு விழுந்திட்டுது அப்பு."

வெளியே வந்ததும் ஆற்றங்கரைப் புல்லில் பாய் விரித்து இருந்தார்கள். நல்ல வெயில். டேனிஷ் குடும்பங்கள் பக்கத்தில் பாணும் சீஸும் தின்றுகொண்டிருந்தன. தேவராசாவும் பசிக்குது என்று சொல்லிக்கொண்டு பொதியை அவிழ்த்தான். அதிகமில்லை, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நவரத்தினம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா? விமலராணி வந்து தன் முட்டைப் பொரியலைத் தூக்கி அவன் சோற்றில் வைத்தாள். "சாப்பிடு ராசா." இன்னொருவர் தன் மீன் துண்டைப் போட்டார். பின்னால் இருந்தவர் கத்தரிக்காய்ப் பொரியலை நீட்டினார். "வடிவாச் சாப்பிடு." "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தே கொடுத்தார். ஒருத்தரும் தங்கள் பொதியைத் தொடவில்லை. எல்லோர் கண்ணும் அவன் கையில் இருந்தது.

சோற்றைக் குழைத்த தேவராசாவின் கை நின்றது. முட்டையைப் பார்த்தான். மீனைப் பார்த்தான். சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்தானே. அவனும் எத்தனை பேரை இப்படிச் சாப்பிடு சாப்பிடு என்று மறித்து வைத்திருக்கிறான்.

"நவரத்தினம் அண்ணை, ஆர்?" என்றான்.

"முதல் நீ சாப்பிடு தேவா."

அந்த வார்த்தையே போதுமாக இருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"சாப்பிடுறன் அண்ணை. சத்தியமாச் சாப்பிடுறன். ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அம்மாவோ?"

இனி மறைத்து என்ன பயன்?

"தம்பி," என்றார் நவரத்தினம்.

தேவராசா தலையை ஆட்டினான். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்போல, குழைத்த சோற்றை எடுத்து வாயில் வைத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது, வாய் மட்டும் நிற்கவில்லை. விமலராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கிர்ஸ்டன் இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு சிரித்தபடி வந்தாள். தூரத்திலிருந்து தேவராசாவின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பாருங்கள், தேவராசா இன்றைக்கு நன்றாகச் சாப்பிடுகிறார்!" என்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

காலையிலிருந்து அந்த ஒரு வாய்ச் சோற்றுக்காகக் காத்திருந்த நவரத்தினம் முழங்காலில் நகர்ந்து போய், அவன் வாய்க்குக் கீழே தன் இரண்டு கையையும் ஏந்தினார்.

"துப்பு அப்பு," என்றார். "காணும், போதும். துப்பிப் போட்டு அழு."