கிருமிக்காரர் வீட்டுக்கு வெளியே

தெருவில் அவரைக் கிருமிக்காரர் என்பார்கள். எந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டாலும் பஞ்சு சுற்றிய குச்சியோடு போய், அந்த வீட்டார் அத்தனை பேர் தொண்டையிலும் தடவியெடுத்து, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பார். நோயே இல்லாதவர் தொண்டையிலும் கிருமி சொகுசாகக் குடியிருந்து பிறருக்குப் பரவும் என்பது அவர் கட்சி. பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். அறுவை மருத்துவரான அவருடைய மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பக்கத்தில் மூன்று வீடுகளில் குழந்தைகள் அதே நோயில் படுத்தன. ஊசி மருந்தில் பிழைத்துக்கொண்டன. ஆனால் பெரியவர்கள் யார் தொண்டையிலும் கிருமி இல்லை. மூன்றையும் தூக்கிக் கொஞ்சியவர் வேறு யார் என்று யோசித்தார்; அவரேதான். கண்ணாடி பார்த்துத் தன் தொண்டையிலேயே குச்சியை விட்டார். மறுநாள் தட்டு நிறையக் கிருமி.

வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, உள்ள வராம?" என்றாள் மனைவி.

"கிட்ட வராத. தேடிட்டு இருந்த ஆளு நான்தான்."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "கண்டுபிடிச்சிட்டீங்கன்னு சந்தோஷப்படுறதா, அழுறதா?" என்றவள், தலையணையும் துணியும் கட்டிக்கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள்.

மூன்று தாய்மாரிடமும் எட்ட நின்று உண்மையைச் சொன்னார். ஒருத்தி கதவைச் சாத்தினாள். மற்றவர்கள், "வேணும்னேவா செஞ்சீங்க?" என்று தேற்றினார்கள்.

ஆய்வுக்கூடத்துப் பின்னறையில் அவர் வாசம் தொடங்கியது. நல்லவேளை, மனைவி தொண்டையிலும் சின்ன மகள் தொண்டையிலும் கிருமி இல்லை. மனைவி தினமும் மகளை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துவாள்.

"வெளிய வாப்பா!"

"அப்பா தொண்டையில பூச்சி இருக்குடா."

"துப்பிடு!"

அவரும் கொப்பளித்தார், மருந்து தடவினார். கிருமி அசைவதாயில்லை. ஒருநாள் மச்சான் வந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளை, டான்சிலை எடுத்துடலாம். என் தங்கச்சி ஜன்னல்லயே குடித்தனம் நடத்துறா, பார்க்கச் சகிக்கல."

மச்சான் எடுத்தார். அந்தத் தொண்டைச் சதைக்குள்ளேதான் கிருமி கூடு கட்டியிருந்தது. அதற்குப்பின் வளர்த்த தட்டுகளெல்லாம் சுத்தம். மச்சானே தன் மருத்துவமனைத் தாதிகளுக்குக் குச்சி போட ஆரம்பித்தார்.

வீடு திரும்பியவரைக் கண்டு மகள் அம்மா பின்னால் ஒளிந்தாள். எட்ட நிற்கப் பழகியிருந்தாள். அவர் அவசரப்படாமல் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தவள், மடியில் ஏறி, கதை பேசி, அப்படியே தூங்கிப்போனாள்.

"கால் மரத்துப்போயிருக்கும், கீழ போடுங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்," என்றார் அவர்.