கைராசி

"உனக்குக் கைராசி இல்லம்மா" என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார், நான் பாக்டீரியா வளர்க்கும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி. தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. "சாயப்பட்டறைக் கை. இந்த வேலைக்கு வணங்காது."

சாயப்பட்டறையில் இருப்பது அப்பாவின் கை. எவ்வளவு தேய்த்தாலும் நீலம் போகாது. அந்தச் சாயத்தைச் சிதைக்கும் நொதியை பாக்டீரியாவை வைத்துச் செய்வதுதான் என் ஆராய்ச்சி. அந்த நொதிக்கான ஜீனை வெட்டி எடுக்க வேண்டும். பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தையும் வெட்டித் திறந்து, ஜீனை நடுவில் வைத்து, லைகேஸ் என்ற நொதியால் ஒட்ட வேண்டும். வளையம் ஒட்டியிருந்தால் அதை வாங்கிக்கொண்ட பாக்டீரியா, வளையம் தரும் எதிர்ப்புச் சக்தியால், கொல்லும் மருந்து கலந்த தட்டிலும் பிழைத்துப் புள்ளி புள்ளியாக வளரும். ஜீன் சொன்னபடி நொதியும் செய்யும். ஒட்டாவிட்டால் சாவு. எனக்கு மாதக்கணக்காகச் சாவுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன்னால் புள்ளி காட்டாவிட்டால் என் இடமும் போய்விடும்.

ராசியாவது மண்ணாவது. வெட்டாத வளையத்தை ஒரு தட்டில் போட்டேன். வெட்டிய வளையத்தை, ஜீனே இல்லாமல், லைகேஸால் திரும்ப ஒட்டி இன்னொன்றில் போட்டேன். முதல் தட்டு அம்மை போட்டதுபோல் நிறைந்தது. இரண்டாவது மொட்டை. பாக்டீரியாவும் சரி, மருந்தும் சரி, என் கையும் சரி. செத்திருப்பது லைகேஸ். உறைபெட்டியை விட்டு வெளியே கிடந்தால்தான் அது அப்படிச் சாகும்.

ஆய்வகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "ஃப்ரீசர் எப்பவாவது நின்னுச்சாக்கா?"

அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "நிக்கல பாப்பா. லீவுக்கு முன்னால, விருந்தாளிங்களுக்குக் காட்டுறேன்னு சார் ஒரு குட்டி டியூப்ப எடுத்துட்டுப் போனாருல்ல? லீவு முடிஞ்சு நான் கூட்டப் போனா, அவர் மேசைலயே கெடக்கு. கேட்டா, 'எடுத்த எடத்துல வச்சிடு, வாயத் தொறக்காத'ன்னாரு. என் பேர இழுத்துடாத. ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு."

"சத்தியமா இழுக்க மாட்டேன்கா."

இரண்டு தட்டுகளையும் சார் முன்னால் வைத்தேன்.

"லைகேஸ் செத்துப்போச்சு சார்."

"நீதான் வெளிய வச்சிருப்ப."

"இல்ல சார்."

"ஒழுங்கா வேல செய்யத் துப்பில்ல, நொதி மேல பழியா? உங்கள மாதிரி ஆளுங்களுக்கு எடம் குடுத்தா இப்படித்தான்."

அந்த 'உங்கள மாதிரி'யில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லீவு பூரா உங்க மேசைலதான் சார் கெடந்துச்சு!"

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் ரூம் பூட்டியிருந்துச்சு. திறந்ததும் உள்ள வர்றது ஒரே ஒரு ஆள்தான்."

அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"கண்டதையும் எடுத்து வெளிய போட்டுட்டு, பழிய என் தலைல கட்டுறாளா?" என்றார், அறைக்கு வெளியே கேட்கும்படி. "புது லைகேஸ் வரும். நீ போய் வேலையப் பாரு."

"அக்கா போடல சார். நீங்கதான்…"

"வெள்ளிக்கிழமை குழுல நானும் இருக்கேன்மா."

அன்று மாலையே அக்காவை நிறுத்திவிட்டார்கள். வாளியை மூலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். "சொல்லமாட்டேன்னியே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புது லைகேஸ் வந்தது. வெள்ளிக்கிழமைத் தட்டில் புள்ளிகள் கொப்பளித்தன. ஒன்றை வளர்த்து நீலச் சாயத்தில் விட்டிருந்தேன், நீரும் வெளுத்திருந்தது. குழு கைதட்டியது. "நம்ம பொண்ணு, நல்ல கைராசி" என்றார் சார்.

வெளியே, அக்காவின் வேலைக்குப் புதிதாக வந்தவள் உறைபெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதுல எதையும் தொடக்கூடாதாமே? தொட்டா என்னாகும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"தொட்டாலும் தொடாட்டாலும் உங்க தலைலதான் விடியும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. தட்டு என் கையிலேயே இருந்தது.