ஏஞ்சல் ஜோடிக்கு இரண்டாவது ஏலம்

மீன் வளர்ப்போர் சங்கத்தின் மாதாந்திர ஏலம், ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய அறையில் நடக்கும். ஏலம் விடுபவர் மருந்துக்கடைக்காரர். அன்று எல்லார் கண்ணும் எலக்ட்ரீஷியன் கொண்டுவந்த ஏஞ்சல் மீன் ஜோடி மேல்தான். எட்டு மாதம் வளர்த்து ஜோடி சேர்த்தவை. ஆயிரத்துக்குக் குறையாமல் போகும் என்று பேச்சு.

நர்ஸ் இருநூறு என்று ஆரம்பித்தாள், சும்மா கேட்டுவைப்போம் என்றுதான். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தண்ணீர்ப் பையை இரண்டு கையாலும் வாங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீ நேரத்தில் தையல்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என்னக்கா, சந்தோஷமா? போன மாசம் நீங்க டூட்டியில இருந்தப்போ கரண்ட் போயி மீனெல்லாம் செத்துப்போச்சுன்னு அழுதீங்களே. எங்களுக்கு மனசு கேக்கலை. இன்னிக்கு நீங்க எதைக் கேட்டாலும் யாரும் போட்டிக்கு வரக்கூடாதுன்னு காலையிலேயே பேசிவெச்சுட்டோம்."

நர்ஸுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டாள். பிறகுதான் ஜன்னலோரம் எலக்ட்ரீஷியன் கண்ணில் பட்டான். துடைத்த வாளியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, காலையில பேசிவெச்சாங்களாமே, உங்களையும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"நான் வண்டியில இருந்து பையெல்லாம் இறக்கிட்டிருந்தேன்." வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பரவாயில்லக்கா," என்றான்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஏல மேசைக்குப் போனாள்.

"இதை மறுபடி ஏலம் விடுங்க."

"மூணு தரம் சொல்லியாச்சேம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஏலமா விட்டீங்க? எனக்குத் தானம் பண்ணியிருக்கீங்க. அதுவும் அடுத்தவர் மீனை எடுத்து."

தையல்காரர் தன் செருப்பையே பார்த்தார். மருந்துக்கடைக்காரர் பையை வாங்கி மேசைமேல் வைத்து, "சரி, இருநூறு," என்று ஆரம்பித்தார். சங்கடமோ என்னவோ, ஒருவரும் அசையவில்லை.

"முந்நூறு," என்றாள் நர்ஸ்.

"உங்க விலைக்கு மேலே நீங்களே கேட்டா எப்படிம்மா?"

"வேற யாரும் கேக்க மாட்டேங்கறாங்களே, நான் என்ன பண்றது? நானூறு!"

யாரோ களுக்கென்று சிரிக்க, அறை முழுக்கச் சிரிப்பு. பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். "ஐநூறு." அதன்பிறகு ஏலம் சூடு பிடித்துக்கொண்டது. தையல்காரர்கூட எழுநூறுவரை வந்து பின்வாங்கினார். நர்ஸ் ஆயிரம் என்றாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். பேக்கரிக்காரர் ஆயிரத்து நூறு என்றார். மூணு தரம் ஆயிற்று.

பை கைமாறியபோது அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. பேக்கரிக்காரருக்கும் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "குஞ்சு பொரிச்சா உங்களுக்கு நாலு தனியா எடுத்துவெக்கிறேன்," என்றார்.

"தனியா எல்லாம் வேண்டாம். மேசைக்குக் கொண்டுவாங்க, அங்க பாத்துக்கலாம்."

அடுத்து ஒரு கட்டு தண்ணீர்ச் செடி வந்தது. நர்ஸ் நாற்பது என்றாள். தையல்காரர் அவள் பக்கம் திரும்பாமலேயே ஐம்பது என்றார்.

"அறுபது," என்றாள் அவள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.