சீட்டில்லாத காசு

உலகத்தில் இதுவரை கவிழ்ந்த அத்தனை ராஜ்ஜியங்களும் டிப்ஸ் கொடுத்துத்தான் கவிழ்ந்தன. படையெடுப்பு, பஞ்சம் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் சப்பைக்கட்டு. முதலில் வாயிற்காவலனுக்கு ஒரு காசு, பிறகு மந்திரிக்கு ஒரு மூட்டை, அப்புறம் கோட்டைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். இதைச் சுற்றுலா பஸ்ஸின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஆதாரம் கேட்டால் மேசையில் வைக்கத் தயார் என்கிற முகத்தோடு அறிவித்தார் தீர்ப்பு.

தீர்ப்பு என்பது பட்டப்பெயர். கோர்ட்டில் முப்பத்து மூன்று வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி சொல்வதற்கு முன்னால் தீர்ப்பை இவர் வராந்தாவில் சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் பலித்தும் இருக்கிறது. ஒரு கேஸ் கட்டை நகர்த்துவதற்குக்கூட யாரிடமும் மாமூல் வாங்கியதில்லை. "வாங்காத கை கொடுக்கவும் கொடுக்காது" என்பார். கேட்பவர்களுக்கு அது பாதி நேர்மையாகவும் பாதி கஞ்சத்தனமாகவும் கேட்கும்.

பிள்ளை பணம் கட்டி அப்பாவையும் அம்மாவையும் அனுப்பிவைத்த வெளிநாட்டுச் சுற்றுலா இது. பஸ் முழுக்க நம் ஆட்கள். கைடும் நம் ஆள்தான். அவன் மைக்கில் சொன்னான்: "ரூமைக் காலி பண்றப்போ, சுத்தம் பண்றவங்களுக்கு ஏதாவது வைக்கிறது இங்க வழக்கம். வச்சா, 'உங்களுக்கு, நன்றி'ன்னு ஒரு சீட்டும் சேர்த்து வைங்க. சீட்டில்லாத காசை அவங்க தொடக்கூடாது."

"சீட்டு மட்டும் போதுமாப்பா, ரெண்டு சாட்சிக் கையெழுத்தும் வேணுமா?" என்றார் தீர்ப்பு.

பஸ் சிரித்தது.

"லஞ்சத்துக்கு ரசீது எழுதின ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல."

பஸ் இன்னொரு தடவை சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பஸ் நின்றதும் கைடிடம் போய், அந்த இரண்டு வார்த்தைகளையும் அந்த நாட்டு எழுத்தில் எழுதி வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

முதல் ஓட்டலில் மூன்று நாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாளுக்கு ஐம்பது வயசு இருக்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது, மனைவிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. இருவருக்கும் பொதுமொழி முட்டிவலி. இவள் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு 'ஸ்ஸ்' என்றாள். அவளும் குனிந்து தன் முழங்காலைத் தொட்டு 'ஸ்ஸ்' என்றாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டார்கள். மறுநாள் கட்டிலில் கூடுதலாக ஒரு தலையணை இருந்தது, காலுக்கு அண்டக் கொடுக்க. குளியலறையில் ஒரு முக்காலி வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் மனைவி மேசை முன்னால் உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நாலாவது தடவைதான் மனசுக்குப் பிடித்தது.

"காதல் கடுதாசியா?" என்றார் தீர்ப்பு.

"உங்களுக்கு எழுதினதே இல்ல. இவளுக்காவது எழுதுறேன்."

காசை வைத்து, மேலே சீட்டை வைத்து, லிஃப்டுக்கு நடந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டியவர் மேசையருகே நின்றார். காசை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். சீட்டை எடுத்தால் காசை யாரும் தொடமாட்டார்கள். அவள் கொடுத்ததாகவும் ஆச்சு, இவர் கொள்கையும் பிழைத்தது. பாம்பும் சாகணும், தடியும் உடையக்கூடாது. சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அடுத்த ஊர் நாலு மணி நேரம். போய் இறங்கியபோதுதான் முழங்கால் பட்டையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. மனைவி அறையில் படுத்துவிட்டாள். கீழே கைடு பழைய ஓட்டலுக்குப் போன் போட்டான்.

"பட்டை இருக்காம் சார், அனுப்பிடுறாங்க. வேற ஏதாவது விட்டுட்டு வந்தீங்களான்னு கேக்குறாங்க."

"டேபிள் மேல காசு இருக்கும். அதையும் பட்டையோட அனுப்பச் சொல்லு."

"டிப்ஸா வச்சதா சார்? சீட்டு இருந்துச்சா?"

"சீட்டெல்லாம் இல்ல" என்றார் தீர்ப்பு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பட்டை வந்தது. கூடவே ஒரு உறை. உள்ளே காசும் ஒரு கடிதமும். வரவேற்பறை சோபாவில் மனைவி பட்டையை மாட்டிக்கொண்டிருக்க, கைடு கடிதத்தைத் தமிழில் சொன்னான். "விருந்தினர் பணத்தை எடுத்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிட்டாங்களாம். ரொம்ப வருந்துறாங்களாம்."

"எந்த ஊழியர்?"

"உங்க ரூமைச் சுத்தம் பண்ணின அம்மாதான்."

"நான்தான் சீட்டு வச்சேனே தம்பி" என்றாள் மனைவி.

கைடு தீர்ப்பைப் பார்த்தான். முப்பத்து மூன்று வருஷம் கூண்டில் ஏறியவர்களை ஓரமாக நின்று பார்த்தவர், இப்போது தானே அதில் ஏறி நின்றார்.

"நான் கசக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

மனைவி பட்டையின் ஒட்டுப்பட்டியைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதித் தர்றேன்ப்பா. தப்பு என்னுதுன்னு தெளிவா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கைடு போனில் வெகுநேரம் பேசினான். "அந்தம்மா வேற ஒரு கம்பெனி மூலமா வந்தவங்களாம் சார். கம்பெனி அடையாள அட்டையை வாங்கிட்டு அனுப்பிடுச்சாம். எங்க இருக்காங்கன்னு ஓட்டலுக்குத் தெரியாதாம். கம்பெனியும் சொல்ல மாட்டேங்குது. நீங்க சொல்றது மட்டும் போதாதாம், காசோட சீட்டு இருந்ததுக்கு ஆதாரம் கேக்குறாங்க."

"ஆதாரம் அந்தக் கூடைக்குள்ளயே கிடக்குதே. எடுத்துப் பார்க்கச் சொல்லு."

"குப்பையை அன்னைக்கே கொட்டியிருப்பாங்க சார்."

"யாரு கொட்டுனது?"

"அந்தம்மாதான் சார்."

மனைவி பட்டையைப் பார்த்தபடியே பேசினாள். அவரிடம் பேசுவதுபோல இல்லை. "முந்தின நாளே கையக் காட்டிச் சொன்னேன், காலையில ஏதாவது வைக்கிறேன்னு. சீட்டில்லாட்டியும் நான் வச்சதுதானேன்னு நம்பி எடுத்திருக்கா."

மீதி நாட்களில் பஸ்ஸில் மூன்றாவது வரிசையிலிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை. "என்ன சார், ராஜ்ஜியம் கவிழ்ந்துடுச்சா?" என்று பின்வரிசை சீண்டிப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்று அவர் பத்தி பத்தியாக எண் போட்டு இரண்டு பக்கம் எழுதி, கைடு மொழிபெயர்த்து, ஓட்டலுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினார்கள். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஓட்டலிலிருந்து ஒரு வரி வந்தது. கம்பெனியிலிருந்து அதுவும் இல்லை.

ஊர் திரும்புகிற நாள் காலையில், கடைசி ஓட்டலில், மனைவி பர்சைத் திறக்கவே இல்லை. "இங்க நான் எதுவும் வைக்கலைங்க. பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

தீர்ப்பு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். யாருக்கும் தெரியாமல் கைடிடம் எழுதி வாங்கியது. மேசை முன்னால் உட்கார்ந்து பார்த்து எழுதத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான சான்றாவணங்களுக்கு எண் போட்ட கை, அந்த இரண்டு வார்த்தைகளைக் கோலம் போடுவதுபோல இழுத்து இழுத்து எழுதியது. முதல் சீட்டு கோணிக்கொண்டது. இரண்டாவதில் ஒரு சுழி விட்டுப்போயிற்று. கெட்டுப்போன இரண்டையும் கூடையில் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது பரவாயில்லை. கீழே தேதி போட்டு, அறை எண் போட்டு, தமிழில் கையெழுத்தும் போட்டார்.

காசை வைத்து, அதன்மேல் சீட்டை வைத்து, பறந்துவிடாமல் தண்ணீர் டம்ளரின் அடி விளிம்பை அதன்மேல் ஏற்றி வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். பிறகு திரும்பவும் திறந்து எட்டிப் பார்த்தார்.

சீட்டு இருந்தது.